தேஞ்ச பிளேடைத் தூக்கிப் போடாதீங்க: மரப்பட்டறை ஓனர்களுக்கும் இன்டீரியர் காண்ட்ராக்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பட்டறை ஓனர் அண்ணேமாரே, இன்டீரியர் காண்ட்ராக்டர்களே,

வணக்கம். ஒரே ஒரு கோரிக்கைக்காகத்தான் இந்த லெட்டர். மழுங்கிப் போன டிசிடி பிளேடை, அதாவது பல்லு முனையில டங்ஸ்டன் கார்பைடு வச்ச வட்ட ரம்ப பிளேடை, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குற பழக்கத்தை விடுங்க, சாணைக்கு அனுப்புங்க, அதுக்கு ஆகுற காசையும் நேரத்தையும் எஸ்டிமேட்லயே சேத்துடுங்க. மதுரைப் பக்கம் மரவேலைப் பட்டறையில பல வருஷமா மிஷின் ஓட்டிட்டு இருக்கிறவன் நான், உங்கள்ல நிறைய பேர் மாதிரியே கைவாளுக்கு அரம் போடுறதுல தொழிலை ஆரம்பிச்சவன். அந்த உரிமையிலதான் எழுதுறேன்.

உங்க பட்டறையில இன்னைக்கு ஒரு சுத்து வந்து பாருங்களேன். பிளைவுட் அடுக்கின மூலையில, பழைய ஃபெவிகால் டப்பாவுக்குள்ள, சைட்டுல சிமெண்ட் மூட்டைக்குப் பின்னாடி எத்தனை பிளேடு கெடக்குதுன்னு. 4 இன்ச், 7 இன்ச், 10 இன்ச், பெரிய போர்டு அறுக்குற பேனல் சா மிஷின்ல போடுற 12 இன்ச்னு கலந்து கெடக்கும், கொஞ்சம் துரு ஏறியிருக்கும், அம்புட்டுதான். அதுல பல்லு உடைஞ்சது, தட்டு கோணினதை எல்லாம் தனியா எடுத்து வச்சிட்டீங்கன்னா மிச்சம் இருக்கிறதுல பெரும்பாலானது இன்னும் உயிரோட இருக்கிற பிளேடு. ஒரு தடவ இல்ல, பல தடவ சாணை தாங்கும்.

ஏன் தாங்கும்னா, பிளேடோட தட்டு சாதா ஸ்டீல்தான், வெட்டுறது அது இல்ல. ஒவ்வொரு பல்லு முனையிலயும் சின்னதா ஒரு துண்டு ஒட்டியிருக்கு பாருங்க, அதுதான் டங்ஸ்டன் கார்பைடு. கார்பைடு பொடியை கோபால்ட் கூட சேத்து அழுத்தி, சூளையில வச்சு கெட்டியாக்கி, வெள்ளி கலந்த பத்த வைப்புல (பிரேசிங்) தட்டோட சேத்திருப்பாங்க. பெரிய பிளேடுல அந்தத் துண்டோட கனம் ஏறத்தாழ 2, 3 மில்லிமீட்டர் இருக்கும். மழுங்கிப் போச்சுன்னு நாம சொல்றப்ப உண்மையில என்ன போயிருக்குன்னா, ஓரத்துல 0.1, 0.2 மில்லி உருண்டு போயிருக்கு. அவ்வளவுதான் தேய்மானம். அதை மட்டும் வைர வீல்ல (வைரத் துகள் பதிச்ச சாணைச் சக்கரம்) சீவி எடுத்துட்டா புது ஓரம் வந்துடும். பல்லோட கனம் 1 மில்லிக்குக் கீழ போற வரைக்கும் இப்படி சீவிக்கிட்டே போகலாம். அதாவது முதல் மழுங்கல்லயே தூக்கிப் போடுற பிளேடுல நீங்க காசு கொடுத்து வாங்கின கார்பைடுல பெரும்பங்கு அப்படியே கெடக்கு.

செங்கோட்டை பக்கம் சா மில்லு போயிருக்கீங்களா? அங்க பேண்ட் சாவுல ஓடுற பட்டை ரம்பத்தை சில மணி நேரத்துக்கு ஒருக்கா இறக்கிடுவாங்க, வேற ஒண்ணை மாட்டுவாங்க, இறக்கினது நேரா சாணை மிஷினுக்குப் போகும், பல்லு தீட்டி, பல்லோட இட வல சாய்வை (செட்) பாத்து, தட்டு நெளிஞ்சிருந்தா தட்டி நேராக்கி திரும்ப வரும். அதுக்குன்னே தனி ஆள், தனி ரூம். மழுங்கிடுச்சு புதுசு வாங்குன்னு அங்க யாராவது சொன்னா முதலாளி அன்னைக்கே கடையை சாத்த வேண்டியதுதான். தென்னை வெட்டுற பசங்களைப் பாருங்க, செயின் சாவுக்கு பெட்ரோல் ஊத்துற ஒவ்வொரு தடவையும் உருட்டு அரம் எடுத்து ஒவ்வொரு பல்லுக்கும் நாலு இழு இழுத்துட்டுதான் திரும்ப ஸ்டார்ட் பண்றாங்க. உளிக்கும் இழைப்புளிக்கும் நம்ம ஆளுங்க காலையில வந்ததும் கல்லுல தீட்டிட்டுதான் வேலையே தொடங்குவாங்க. இந்தத் தொழில்ல கூர் பாக்குறது வேலையோட ஒரு பாகமாத்தான் இருந்துச்சு, கரண்ட் மிஷின் வந்ததும் அந்த ஒரு இடத்துல மட்டும் எப்படியோ அது அறுந்து போச்சு. பிளேடு சிகரெட் லைட்டர் மாதிரி ஒரு யூஸ் அண்ட் த்ரோ சாமான் ஆயிடுச்சு.

அதுக்கு ஒரு காரணம் நீங்கதான்னு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. நாள் கூலிக்கு வர்ற ஆசாரி கைமிஷினையும் பிளேடையும் அவரே கொண்டு வரணும்னு நிறைய காண்ட்ராக்டர் எழுதாத சட்டம் மாதிரி வச்சிருக்கீங்க. சாணைக்கு அனுப்ப அவருக்கு ரெண்டாவது செட் இல்ல, ஒரு நாள் கடைக்கு அலைஞ்சா அன்னைக்கு கூலி இல்ல, புதுசு வாங்கினா அன்னைக்கு கூலியில ஒரு துண்டு போச்சு. அதனால அவர் என்ன பண்றாரு, மழுங்கின பிளேடை வச்சே இன்னும் ரெண்டு நாள் ஓட்டுறாரு. 710 பிளைல (தண்ணி தாங்குற மெரைன் பிளைவுட்) ஓட்டுறாரு, மைக்கா ஒட்டின போர்டுல ஓட்டுறாரு, ஹெச்டிஹெச்எம்ஆர்னு சொல்ற ஈரம் தாங்குற கெட்டி போர்டுல ஓட்டுறாரு. அந்த பிளைவுட்டுல இருக்கிற பசை காஞ்சா கல்லு மாதிரி, தேக்குலயோ மண்ணுல இருக்கிற சிலிக்காவே மரத்துக்குள்ள இருக்கு, இதெல்லாம் கூரை சீக்கிரமா தின்னுடும். அப்புறம் மைக்கா ஓரம் பேந்து போச்சுன்னு அவரையே திட்டுறது.

மழுங்கின பிளேடு வெட்டாது, தேய்க்கும். தேய்ச்சா சூடு ஏறும், மரம் கருகும், அந்தக் கருகல் வாசம் வந்தவுடனே பிளேடை இறக்கிருக்கணும். இறக்காம தள்ளுறோம். தள்ளத் தள்ள மோட்டார் திணறுது, கரண்ட் அதிகமா இழுக்குது, கார்பன் பிரஷ் சீக்கிரம் போகுது, கடைசியில ஆர்மேச்சர் கருகுது. அப்ப மிஷின் கம்பெனியைத் திட்டுவோம். இதை விட மோசமானது இன்னொண்ணு இருக்கு. நல்ல கூர் உள்ள பிளேடுக்கு மரம் தானா உள்ள போகும், கை சும்மா வழிகாட்டினா போதும். மழுங்கினதுக்கு உடம்பு வெயிட்டைப் போட்டு அழுத்தணும், அழுத்துற நேரத்துல பிளேடு மரத்துக்குள்ள சிக்கி எகிறுச்சுன்னா அந்த வெயிட் மொத்தமும் கையோட சேர்ந்து முன்னாடி போகும். விரல் போன ஆளுங்களை நம்ம எல்லாருக்குமே தெரியும். பாதுகாப்பு மூடியை (கார்டு) கழட்டிட்டு ஆங்கிள் கிரைண்டர்ல மர பிளேடு மாட்டி ஓட்டுற கொடுமையைப் பத்தி தனி லெட்டரே எழுதணும், இங்க ஒண்ணே ஒண்ணு சொல்றேன், அதை உங்க சைட்டுல பாத்தா அந்த நிமிஷமே நிறுத்துங்க.

சரி, பிளேடு மழுங்கிடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? முதல்ல பிளக்கைப் புடுங்குங்க, அப்புறம் பிளேடை கழுவுங்க. ஆமா, கழுவுறதுதான் முதல் வேலை. பாதி நேரம் பிளேடு மழுங்கியிருக்காது, பல்லு ஓரத்துல பசையும் பிசினும் கருப்பா ஏறி உக்காந்திருக்கும், அதுதான் வெட்ட விடாம தடுக்குறது. வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் ஊத்தி கொஞ்ச நேரம் ஊற வச்சு, பழைய டூத் பிரஷ் போட்டு தேய்ச்சு, நல்லா தொடச்சு லேசா எண்ணெய் தடவினா போதும். சில பேர் கேஸ் டார்ச் வச்சு பிசினை எரிக்கிறாங்க, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க, தட்டோட விறைப்பு (டென்ஷன்) போயிடும், பல்லோட பத்த வைப்பும் பலம் குறைஞ்சிடும். கடுமையான காஸ்டிக்ல ராத்திரி முழுக்க போட்டு வைக்கிறதும் வேண்டாம்.

கழுவின பிறகு வெளிச்சத்துல பல்லு ஓரத்தைப் பாருங்க. கூரான ஓரம் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டாது, மழுங்கின ஓரத்துல மட்டும் ஒரு மெல்லிசான வெள்ளைக் கோடு மினுங்கும், அது உருண்டு போன இடம். இல்லன்னா கட்டை விரல் நகத்துல பல்லு ஓரத்தை லேசா வச்சு இழுத்துப் பாருங்க, கூர் இருந்தா நகத்துல பொடியா சுருள் வரும், இல்லன்னா வழுக்கிட்டுப் போயிடும். அந்த வெள்ளைக் கோடு தெரிய ஆரம்பிச்சவுடனே அனுப்பிடணும். இன்னும் ரெண்டு வாரம் ஓட்டிட்டு அனுப்பலாம்னு நினைக்கிறதுதான் இருக்கிறதுலயே பெரிய நஷ்டம், ஏன்னா ஓரம் எவ்வளவு அதிகமா உருண்டிருக்கோ அவ்வளவு அதிகமா சீவணும், ஒரு சாணையில மூணு சாணைக்கான கார்பைடு போயிடும். சீக்கிரம் அனுப்பினா நிறைய தடவ அனுப்பலாம், இந்த ஒரு கணக்கை மட்டும் உங்க ஃபோர்மேனுக்கு சொல்லிக் கொடுத்துட்டீங்கன்னாலே பாதி வேலை முடிஞ்சது.

இப்ப நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். "சாணை புடிச்சு வந்த பிளேடு சரியா வெட்டவே மாட்டேங்குது, ஒரு நாள்ல மறுபடியும் மழுங்குது." இது உண்மையான குறை, நான் மறுக்கல. கத்தி சாணை புடிக்கிற சாதா கல்லுல, கையால புடிச்சுக்கிட்டே கார்பைடை ஓட்டினா வேற என்ன ஆகும்? சாதா எமரி வீலுக்கு கார்பைடை வெட்டுற தெம்பே கெடையாது, கார்பைடு சூடாகி பொடிப் பொடியா வெடிக்கும். கைப்போக்குல தீட்டினா ஒரு பல்லு உசரம், ஒரு பல்லு குட்டை ஆயிடும், அப்புறம் 60 பல்லு இருக்கிற பிளேடுல உசரமா இருக்கிற ஏழெட்டு பல்லுதான் வெட்டும், மிச்சம் சும்மா சுத்தும். பிளேடு அதிரும், வெட்டு கோடு கோடா வரும், அந்த ஏழெட்டு பல்லும் சீக்கிரம் போயிடும். தப்பு சாணைங்கிற வேலையில இல்ல, யார்கிட்ட எந்த மிஷின்ல கொடுத்தோம்ங்கிறதுல இருக்கு.

அதனால ஆளைப் பாத்துக் கொடுக்கணும். வைர வீல் இருக்கா, தண்ணியோ கூலன்ட்டோ ஊத்தி ஓட்டுறாங்களா, சாணைக்கு முன்னாடி பிளேடை கழுவுறாங்களா, பல்லோட கோணத்தை செட் பண்ற அமைப்பு மிஷின்ல இருக்கான்னு நேர்ல போய் ஒரு தடவ பாருங்க. பல்லு எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஒண்ணு விட்டு ஒண்ணு இடமும் வலமுமா சாய்ஞ்சிருக்கிற பல்லு பொதுவான வேலைக்கு, தட்டைப் பல்லு நீளவாக்குல கிழிக்கிறதுக்கு, மைக்கா போர்டுக்கான பேனல் சா பிளேடுல ஒரு பல்லு மூலை சீவினதா கொஞ்சம் உசரமாவும் அடுத்தது தட்டையாவும் இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாத ஆள் எல்லாத்தையும் ஒரே மாதிரி தட்டையா ஓட்டி வச்சிடுவாரு. "அண்ணே, இந்த பிளேடுக்கு முகத்துல சீவுவீங்களா மேலயும் சீவுவீங்களா"ன்னு கேளுங்க, தெரிஞ்சவர் உடனே பிளேடைக் கையில வாங்கிப் பாத்துட்டு பதில் சொல்லுவாரு. நெளிவு பாக்க டயல் கேஜ் வச்சிருந்தாருன்னா அவரை விட்டுடாதீங்க. கோவில்பட்டியோ கோயம்புத்தூரோ சென்னையோ, உங்க ஊருக்குப் பக்கத்துல மெட்டல் வேலை நடக்குற ஊர் எதுலயாவது டூல் அண்ட் கட்டர் கிரைண்டிங் பண்றவங்க இருப்பாங்க, லேத் பட்டறையில விசாரிச்சா வழி காட்டுவாங்க.

பேனல் சா வச்சிருக்கிறவங்க மெயின் பிளேடை அனுப்பும்போது கீழ ஓடி போர்டோட அடிப்பக்கத்தை முன்னாடியே கீறி விடுற சின்ன ஸ்கோரிங் பிளேடையும் சேத்து அனுப்புங்க. மெயின் பிளேடு சீவச் சீவ அதோட வெட்டு அகலம் இம்மியளவு குறையும், ஸ்கோரிங் பிளேடு அதுக்கு ஒத்துப் போகலன்னா மைக்கா அடிப்பக்கம் படி மாதிரி தெரியும். ஸ்கோரிங் பல்லு சரிஞ்ச வடிவத்துல இருந்தா உசரத்தை ஏத்தி இறக்கி அகலத்தை சரி பண்ணிக்கலாம். இந்த ஒரு விஷயம் தெரியாம, சாணை புடிச்ச பிளேடு சரியில்லன்னு நல்ல பிளேடை ஒதுக்கி வச்ச பட்டறைங்க எனக்கே தெரியும்.

எல்லாத்தையும் சாணைக்கு அனுப்புங்கன்னு சொல்ல மாட்டேன். தட்டுல பல்லு இடுக்குல விரிசல் தெரிஞ்சா, சூட்டுல நீலம் பாரிச்சிருந்தா, தட்டு கோணியிருந்தா அந்த பிளேடு முடிஞ்சது, அதுல இரக்கமே பாக்கக் கூடாது. காரைக்குடி பழைய வீட்டு தேக்கை வாங்கி ரீயூஸ் பண்ற வேலையில மரத்துக்குள்ள ஆணி ஒளிஞ்சிருந்து ஒண்ணு ரெண்டு பல்லு பறந்து போச்சுன்னா புதுப் பல்லு வச்சு பத்த வச்சுத் தருவாங்க, நாலஞ்சு பல்லுக்கு மேல போனா விலையைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. ஜிக் சா பிளேடும், பல்லை மட்டும் தனியா கடினப்படுத்தின புது ரக கைவாளும் அரத்துக்கு மசியாது, அதை விட்டுடுங்க. மார்பிள் வெட்டுற வைர பிளேடுக்கு சாணையே தேவையில்ல, வெட்டாம வழுக்குச்சுன்னா சொரசொரப்பான சிமெண்ட் கல்லுலயோ மெதுவான செங்கல்லுலயோ நாலஞ்சு வெட்டு விட்டா மேல மூடியிருக்கிற உலோகம் தேஞ்சு புது வைரத் துகள் வெளிய வரும், டைல்ஸ் போடுற பசங்களுக்கு இது தெரியும், நம்ம மரக்காரங்கதான் தூக்கிப் போடுறோம்.

4 இன்ச் பிளேடு விஷயம் வேற. விலை கம்மிதான், சாணைக் கூலி புதுசு விலைக்குக் கிட்ட வந்துடும், அது நியாயம். அதுக்கு ஒரு நல்ல வைர அரம் வாங்கி பட்டறையில வச்சுடுங்க. பிளேடை வைஸ்ல ரெண்டு மரத்துண்டுக்கு நடுவுல புடிச்சு, ஒவ்வொரு பல்லோட முகத்துலயும் அரம் தட்டையா உக்காருற மாதிரி வச்சு, எல்லா பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில இழுங்க. 30 பல்லு, 40 பல்லுக்கு டீ குடிக்கிற நேரத்தை விட கொஞ்சம் கூட ஆகும். புது பிளேடு கூர் வராது, ஆனா வேலை ஓடும். மரம் இழைக்கிற மிஷினான பிளேனர்ல போடுற 82 மில்லி டிசிடி கத்தி நிறைய ரகத்துல ரெண்டு பக்கமும் கூர் உள்ளது, திருப்பிப் போடாமயே தூக்கிப் போடுறாங்க, வயிறு எரியுது பாக்கும்போது. ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கத்தின்னா ரெண்டையும் ஜோடியா சேத்துத் தீட்டணும், ஒண்ணு அகலம் குறைஞ்சா டிரம் பேலன்ஸ் போயிடும். பள்ளமும் டிசைனும் எடுக்குற ரௌட்டர் பிட்டுல உள்பக்க தட்டை முகத்துல மட்டும் வைர அரம் போடுங்க, வெளிவளைவுல கை வச்சா சைஸ் மாறிடும். டிரில் பிட்டை லேத் ஆளுங்க கண்ணு மதிப்புலயே 118 டிகிரிக்கு ஓட்டிடுவாங்க, ஒரு சாயங்காலம் அவங்க பக்கத்துல நின்னு பாத்தா வந்துடும்.

இனி நான் இந்த லெட்டரை எழுத உக்காந்ததுக்கு உண்மையான காரணத்துக்கு வர்றேன்.

மேலூர்க்காரங்களுக்கு டங்ஸ்டன்ங்கிற பேரை யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. 2024 நவம்பர்ல மத்திய சுரங்க அமைச்சகம் மேலூர் பக்கத்துல நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்கை (சுரங்கம் தோண்டுறதுக்குன்னு பிரிச்ச நிலத்தை) ஏலம் விட்டு முடிச்சதா அறிவிச்சாங்க. ஏறத்தாழ 2,015 ஹெக்டேர். அதுக்குள்ள அரிட்டாபட்டி வருது, 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்ச ஊர், பாண்டியர் குடைவரை இருக்கு, சமணர் படுக்கை இருக்கு, தமிழிக் கல்வெட்டு இருக்கு, சுனையும் கண்மாயுமா மழைத் தண்ணியை நம்பி விவசாயம் நடக்குது. ஊரே எழுந்துச்சு. டிசம்பர் 9ஆம் தேதி அதை ரத்து பண்ணச் சொல்லி சட்டசபையில தீர்மானம் போட்டாங்க. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியில இருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்குல சனம் நடந்துச்சு, பொம்பளைங்க, பெரியவங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்கன்னு. ஜனவரி 23ஆம் தேதி ஏலத்தை ரத்து பண்றதா மத்திய அரசு அறிவிச்சாங்க. நம்ம பட்டறைங்கள்லயும் அன்னைக்கு வெடி போட்டோம், சரியான சந்தோஷம்.

அந்தப் பாறைக்குள்ள இருக்கிறதும் உங்க பிளேடு பல்லுல இருக்கிறதும் ஒரே சரக்கு அண்ணே. சுரங்கம் வேண்டாம்னு ரோட்டுல நடந்த நாமளே பட்டறைக்கு வந்து டங்ஸ்டனை குப்பையில போடுறோம். பத்து பட்டறையில சாணை புடிச்சுட்டா உலகத்துல சுரங்கமே வராதுன்னு நான் சொல்லல, அவ்வளவு விவரம் இல்லாதவன் இல்ல. கார்பைடு போற இடம் பெருசு, லேத் டூல், பாறை குடையிற பிட், இன்னும் எத்தனையோ. ஆனா இந்த உலோகம் எங்கயோ ஒரு ஊரோட மலையை உடைச்சுத்தான் வருது. உலகத்துல தோண்டுற டங்ஸ்டன்ல ஏறத்தாழ 80 சதவீதம் சீனாவுல இருந்து வருது, 2025 பிப்ரவரியில அவங்க அதோட ஏற்றுமதிக்கு கட்டுப்பாடு போட்டாங்க. கூட சேர்ற கோபால்ட்ல பெரும்பங்கு காங்கோவுல இருந்து, அங்க சின்னப் பிள்ளைங்க குழிக்குள்ள இறங்குற கதை ஊரறிஞ்சது. நம்ம நாட்டுல ராஜஸ்தான்ல டெகானாவுல இருந்த பழைய டங்ஸ்டன் சுரங்கம் மூடி பல வருஷம் ஆச்சு. 2023ல மத்திய அரசு போட்ட 30 முக்கிய கனிமங்கள் லிஸ்ட்ல டங்ஸ்டனும் இருக்கு, கோபால்ட்டும் இருக்கு. அப்படின்னா தேடல் நிக்கப் போறதில்ல, இன்னைக்கு அரிட்டாபட்டி தப்பிச்சுது, நாளைக்கு வேற எந்த ஊரோ. அரிட்டாபட்டிக்காக குரல் கொடுத்த பட்டறை, இருக்கிற கார்பைடை கடைசி மில்லி வரைக்கும் உபயோகிக்கணும்ங்கிறது என் எண்ணம். இதுல நான் பிடிவாதமா இருக்கேன்.

கடைசியில உண்மையிலேயே முடிஞ்சு போன பிளேடைக் கூட இரும்போட இரும்பா எடைக்குப் போடாதீங்க. கார்பைடு ஸ்க்ராப்பை தனியா வாங்குற வியாபாரிங்க இருக்காங்க, இரும்பு விலையை விட கிலோவுக்கு பல மடங்கு கொடுப்பாங்க, அதைப் பிரிச்சு திரும்ப பொடியாக்கி புது டூல் பண்றாங்க. ஒரு பழைய பெயிண்ட் வாளியை வச்சு "கார்பைடு மட்டும்"னு எழுதுங்க, பிளேடு, பிட்டு, உடைஞ்ச பல்லு எல்லாம் அதுல விழட்டும்.

காசு கணக்குக்கு வருவோம், உங்களுக்கு அதுதான் முக்கியம்னு தெரியும், அதுல தப்பும் இல்ல. சாணைக்காரங்க பெரும்பாலும் பல்லுக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குவாங்க. உங்க ஊர் ரேட்டைக் கேட்டு பல்லு எண்ணிக்கையால பெருக்குங்க, அதைப் புது பிளேடு விலையோட வச்சுப் பாருங்க. நல்ல கம்பெனி 10 இன்ச், 12 இன்ச் பிளேடுன்னா கூலி அதுல ஒரு சின்னப் பங்குதான் வரும். மட்டமான பிளேடுன்னா வித்தியாசம் அவ்வளவு இருக்காது, பல்லும் மெல்லிசா இருக்கும், ரெண்டு சாணைக்கு மேல தாங்காது. அதனால நான் சொல்றது, மட்டமான பிளேடை திரும்பத் திரும்ப வாங்குற காசுல கனமான பல்லு உள்ள ரெண்டு நல்ல பிளேடு வாங்குங்க, ஒண்ணு மிஷின்ல ஓடட்டும், ஒண்ணு சாணையில இருக்கட்டும், மாறி மாறி. டைம் இல்லங்கிற பேச்சு அதோட முடிஞ்சது. பிளேடு தட்டுலயே மார்க்கர்ல சாணைக்குப் போன தேதியை எழுதிக்கிட்டே வாங்க, எந்த பிளேடு எத்தனை சாணை தாங்குதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும், அடுத்த தடவ எதை வாங்கணும்னு எந்த சேல்ஸ்மேனும் வந்து சொல்ல வேண்டியதில்ல. சாணைக்குப் போற வர்ற வழியில பிளேடை ஒண்ணு மேல ஒண்ணு போட்டு சாக்குல கட்டாதீங்க, நடுவுல அட்டை வைங்க, கார்பைடு கடினம்தான் ஆனா தட்டினா கண்ணாடி மாதிரி உடையும்.

ஆசாரிமாருக்கு பிளேடு யார் கொடுக்குறதுங்கிற கேள்விக்கும் ஒரு முடிவு வேணும். வேலை உங்களோடது, பிளேடு தேயுறது உங்க பிளைவுட்டுல, அதனால பிளேடும் சாணைக் கூலியும் காண்ட்ராக்ட்காரர் பொறுப்புன்னு வைங்க. கிளையன்ட்டுக்குப் போடுற கொட்டேஷன்ல ஃபெவிகாலுக்கும் ஸ்க்ரூவுக்கும் இடம் இருக்கும்போது இதுக்கு ஒரு வரி போட முடியாதா? அவர் பிளேடையே உபயோகிச்சாலும் வாரத்துக்கு ஒரு சாணைக் கூலியைக் கையில கொடுங்க. இது தயவு தாட்சண்ணியம் இல்ல, அவரோட விரலும் உங்க ஃபினிஷிங்கும் அந்தக் கூருல இருக்கு.

தாலுகா அளவுல சங்கம் இருக்கிற ஊர்கள்ல இன்னும் ஒரு படி மேல போகலாம். பத்து இருபது பட்டறை சேர்ந்தா ஒரு வைர வீல் கிரைண்டர் சாத்தியம்தான். 2025 ஏப்ரல்ல தமிழ்நாடு அரசு தொடங்கின கலைஞர் கைவினைத் திட்டத்துல 3 லட்சம் வரைக்கும் கடன், 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய்னு அறிவிச்சாங்க, 35 வயசுக்கு மேல உள்ள மரவேலைக்காரங்களும் அதுல வர்றாங்க. வயசாகி உசரமான வேலை செய்ய முடியாத, ஆனா கண்ணும் கையும் நிதானமா இருக்கிற மூத்த ஆசாரி ஒருத்தர் ஒவ்வொரு சங்கத்துலயும் இருப்பாரு, அரம் போட்டுப் பழகின கை அது, அவரை அந்த மிஷின்ல உக்கார வைங்க. மாவட்டத் தொழில் மையத்துல போய் இதுக்கு அப்ளை பண்ண முடியுமான்னு கேளுங்க. தூத்துக்குடியில சர்வதேச அறைகலன் பூங்காவுக்கு 2022ல அடிக்கல் நாட்டினாங்க, அந்த மாதிரி இடத்துல உள்ளயே ஒரு சாணை மையம் இருக்கணும்னு சங்கங்கள் மனு கொடுக்கணும்.

மிஷின் வைக்கிறவங்க ஒண்ணை மறந்துடக் கூடாது. கார்பைடு சீவும்போது வர்ற தூசு சாதா இரும்புத் தூசு மாதிரி இல்ல, அதுல கோபால்ட் இருக்கு. நுரையீரலைக் கெடுக்குற தூசுன்னு ரொம்ப காலமா தெரிஞ்ச விஷயம், உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை டங்ஸ்டன் கார்பைடோட சேர்ந்த கோபால்ட்டை புற்றுநோய் வரவைக்க வாய்ப்பு அதிகம்னு 2ஏ பிரிவுல வச்சிருக்கு. தண்ணி ஊத்தித்தான் ஓட்டணும், தூசு உறிஞ்சுற குழாய் வைக்கணும், துண்டைக் கட்டினா பத்தாது, நல்ல மாஸ்க் போடணும், அந்த அறையில உக்காந்து சாப்பிடக் கூடாது. சாணை மலிவா வேணும்னு சாணைக்காரரோட நெஞ்சை விலையா கேட்டுடாதீங்க. அவர் கூலியைக் கூட்டிக் கேட்டா இதுக்காகத்தான் கேக்குறாருன்னு புரிஞ்சு கொடுங்க.

நான் கேக்குறது இந்த மாசத்துலயே ஆரம்பிக்கக் கூடிய விஷயம். பட்டறையில கெடக்குற பிளேடை எல்லாம் எடுத்துக் கழுவி, வெளிச்சத்துல பாத்து, சாணைக்குப் போறது, கார்பைடு வாளிக்குப் போறதுன்னு ரெண்டா பிரிங்க. மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி சுத்தி இருக்கிறவங்க தனித்தனியா அலையாம ஒரே பெட்டியா அனுப்பிக்கலாம், மொத்தமா போனா ரேட்டும் குறையும், பல்லுக்கு எவ்வளவுன்னு நாம சேர்ந்து பேசலாம். அதுக்கு மத்த பட்டறை ஓனர்களோட உக்காந்து பேசும்போது எத்தனை இன்ச், எத்தனை பல்லு, நடு ஓட்டை (போர்) எத்தனை மில்லி, எத்தனை பிளேடு, இந்த நாலை மட்டும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொண்டு வாங்க.

இப்படிக்கு,
மதுரை மாவட்டத்துல இருந்து ஒரு மரவேலைக்காரன்